ஐந்தெழுத்தின் வரிசை: உண்மை விளக்கத்திலும் திருவருட்பயனிலும் எழுத்துமாற்று

எழுத்துகளை இடம் மாற்றிச் சொல் காணும் விளையாட்டில் விடையின் சரிபிழையை அகராதி தீர்க்கும். ந, ம, சி, வ, ய என்னும் ஐந்தையும் அவ்வாறு கலைத்தால் மசி, வசி, நய, மய எனச் சில சொற்கள் கிட்டும். சித்தர் மரபு 'சிவா'வைத் திருப்பி மூச்சைக் குறிக்கும் 'வாசி' எனப் படித்ததும் இவ்வகையினதே. சைவ சித்தாந்த நூல்களின் எழுத்துமாற்றோ புதுச்சொல்லை நாடியதன்று. ஐந்தெழுத்துக்கு 120 வரிசைகள் இயலுமாயினும் அந்நூல்கள் பெரிதும் பேசுவன நமசிவாய, சிவாயநம என்னும் இரண்டையே.

வடமொழி இலக்கண நோக்கில் இவ்விரண்டிற்கும் பொருள் வேறுபாடு இல்லை. 'சிவாய' நான்காம் வேற்றுமை ஏற்று நிற்றலின், 'நம' முன் வரினும் பின் வரினும் 'சிவனுக்கு வணக்கம்' என்பதே பொருள். தமிழ் நூலார் சொல்லை விடுத்து எழுத்தை அலகாகக் கொண்டனர்: சி சிவம், வ அருள், ய உயிர், ந திரோதம், ம மலம். உருபினால் வந்த நெடில் கணக்கில் கொள்ளப்படவில்லை. அதே உருபின் யகரமோ உயிரைக் குறிக்கும் எழுத்தாயிற்று. இலக்கணத்தில் சொல்லின் ஈறாக இருந்த ஒன்று இங்கே முழு அமைப்பின் மையமாகிறது.

13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம், தில்லைக் கூத்தனின் திருமேனியில் இவ்வெழுத்துகளை அடுத்தடுத்த இரு வெண்பாக்களில் அமைக்கிறது. முதலாவதில் திருவடி நகரம், வயிறு மகரம், தோள் சிகரம், முகம் வகரம், முடி யகரம். அடிமுதல் முடிவரை படித்தால் நமசிவய. அடுத்ததில் துடி ஏந்திய கை சிகரம், வீசிய கை வகரம், அபயக்கை யகரம், தீ நகரம், காலடியில் கிடக்கும் முயலகன் மகரம், அவ்வரிசை சிவயநம.

இவ்விரண்டும் ஒரே தரத்தன அல்ல. முதல் வெண்பாவில் எழுத்தின் பொருளைப் பொருத்தினால் மலம் இறைவன் வயிற்றிலும் உயிர் அவன் முடியிலும் அமைந்துவிடும். அங்கே வரிசை மட்டுமே பேணப்படுகிறது. இரண்டாவதில் அபயக்கையில் உயிரும் மிதிபட்ட முயலகனில் மலமும் அமைவதால் வரிசையும் பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. நகர மகரங்களை முதலாக வைத்து ஓதுவதால் மலம் நீங்காது, மாற்றி ஓதுக என அந்நூல் பின்னர்க் கூறுவதற்கு இவ்வெண்பாவே காட்சிச் சான்று.

பொருளை முன்னரே எழுத்தின்மேல் ஏற்றிவிட்டு அதனையே வரிசையில் கண்டெடுப்பது வட்டவாதம் அன்றோ எனலாம். தடை நியாயமானதே. ஆயினும் 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரமாகிய ஐந்தெழுத்தருள்நிலையில் விதிக்கும் நிபந்தனைகள் விருப்பம்போல் வளைபவை அல்ல. ஊன நடனம் ஒருபால், ஞான நடனம் மறுபால், உயிர் நடுவே என்பது ஒன்று. சிவம் முதலாக ஓதுக என்பது மற்றொன்று. யகரம் நடுவில் நிற்கும் வரிசைகள் 24. நகர மகரங்கள் ஒருபக்கமும் சிகர வகரங்கள் மறுபக்கமும் நிற்பவை 8. அவற்றுள் சிகரம் முதலானவை இரண்டே: சிவயநம, சிவயமந. இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர இந்நிபந்தனைகள் உதவா. அங்கே தேர்வைச் செய்வது, எழுத்தை அலகாகக் கொண்டபோது கைவிடப்பட்ட 'நம' என்னும் வணக்கச் சொல்லே.