1994-லேயே நின்றுவிட்ட ஒரு பட்டியல்

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்ட நாஃப்டா ஒப்பந்தம் 1994 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-ஆம் அத்தியாயத்தில் ஒரு பின்னிணைப்பு உண்டு. அறுபது சொச்சம் தொழில்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேவையான படிப்பு. அவ்வளவுதான். கனடா, மெக்சிகோ குடிமக்கள் டி.என். என்ற தற்காலிக அனுமதியில் அமெரிக்காவில் வேலை பார்க்கணும்னா, அந்த வேலை இந்தப் பட்டியலில் இருக்கணும். 2020 ஜூலை 1-ல் நாஃப்டா போய் யு.எஸ்.எம்.சி.ஏ. வந்தது. பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களுக்குப் பழகிய எச்1பி-யில் வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. ஆள் அதிகமானால் குலுக்கல். டி.என்.-க்கு உச்சவரம்பே இல்லை. (மெக்சிகோவுக்கு மட்டும் முதல் பத்து வருடம் ஆண்டுக்கு 5,500 என்று இருந்தது.) கனடாக்காரருக்கு விசாகூட வேண்டாம். பாஸ்போர்ட், பட்டம், வேலை கொடுப்பவரின் கடிதம், மூன்றையும் எல்லையில் நீட்டினால் அங்கேயே முடிவு. மெக்சிகோக்காரர் மட்டும் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டு வரணும். ஒரே ஒப்பந்தம், இரண்டு வாசல்.

இந்த வேகத்துக்குக் காரணமே பட்டியல்தான். பெயர் இருக்கா, இல்லையா என்று அதிகாரி சட்டென்று பார்த்துவிடலாம். சிக்கலும் அங்கேதான்.

பட்டியலை நிதானமாகப் படிச்சுப் பாருங்க. மேய்ச்சல் நில மேலாளர் இருக்கிறார். பேரிடர் காப்பீட்டு இழப்பை மதிப்பிடுபவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் துறைக்கென்று இருப்பவர் ‘கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்’ ஒருவர்தான். அதில் ப்ரோகிராமர் சேர்த்தியில்லை என்று அமெரிக்க அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. டேட்டா சயின்டிஸ்ட், ப்ராடக்ட் மேனேஜர் எல்லாம் பட்டியலில் இல்லவே இல்லை. ஆக, செய்யும் வேலையைப் பார்த்துக் கடிதம் எழுதுவதில்லை. பட்டியலைப் பார்த்து எழுதுகிறார்கள். ‘மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்’ என்ற பெயரில் பட்டம் இல்லாமலே, ஐந்து வருட அனுபவத்தை வைத்துப் போகலாம். அதனாலேயே அந்தப் பெயரில் வருபவரை அதிகாரிகள் கூடுதலாகக் குடைகிறார்கள். கடிதம் எழுதியவர் ஆபீசில் இருப்பார். திருப்பி அனுப்பப்படுகிறவர் பாலத்தில் நிற்பவர்.

கோடு எழுதிப் பிழைக்கிற என் கண்ணுக்கு இது ஹார்ட்கோட் பண்ணிய பட்டியல். ஹார்ட்கோட் செய்தது குற்றமில்லை, அப்டேட் செய்யாததுதான் குற்றம். வழி இல்லாமலும் இல்லை. தற்காலிக நுழைவுக்கென்று ஒப்பந்தத்திலேயே ஒரு பணிக்குழு உண்டு. கணிதவியலாளருக்குள் ஆக்சுவரியையும், உயிரியலாளருக்குள் தாவர நோயியலாளரையும் பின்னாளில் சேர்த்தார்கள். 2017-ல் மறுபேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே, இந்த அத்தியாயத்தை விரிவாக்கணும் என்று கனடாவின் அன்றைய வெளியுறவு அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட் வெளிப்படையாகக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 2003-ல் சிலி, சிங்கப்பூர் ஒப்பந்தங்களில் விசாவைச் சேர்த்தபோதே அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது: குடியேற்றத்தை முடிவு செய்ய வேண்டியது நாங்கள், வணிகப் பேச்சாளர்கள் இல்லை என்று. அந்த வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று வருடம். எத்தனை தடவை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘நான் தங்க வரவில்லை, திரும்பிப் போவேன்’ என்று காட்டணும். எச்1பி-காரர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். இவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. கூட வரும் கணவனோ மனைவியோ வேலை பார்க்கக் கூடாது. கனடாவில் நிரந்தரக் குடியுரிமை அட்டை மட்டும் வைத்திருக்கும் சென்னைக்காரருக்கு இந்த வாசலே கிடையாது. குடிமகனாகி பாஸ்போர்ட் வாங்கியிருக்கணும்.

இப்படிப் பதினைந்து வருடம் ‘தற்காலிகமாக’ வாழ்ந்துவிட முடியும். பிள்ளை அங்கேயே பள்ளி முடித்துவிடும். அதற்குப் பிறகும் அடுத்த நீட்டிப்பு, ஒரு பழைய தொழில் பெயருக்குள் இன்றைய வேலையைப் பொருத்திக் காட்டுவதில்தான் இருக்கு. ஆறாவது ஆண்டில் மூன்று நாடுகளும் உட்கார்ந்து மறுஆய்வு செய்யணும் என்று யு.எஸ்.எம்.சி.ஏ.-விலேயே எழுதியிருக்கு. கார், பால், எஃகு பற்றிப் பேச அங்கே ஆள் உண்டு. இந்தப் பட்டியலுக்காகப் பேசத்தான் யாருமில்லை: பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை.