சுருதி மட்டும் மிஞ்சிய கருவி

உடைந்த டபுள் பேஸ் ஒன்றை உதிரி பாகங்களிலிருந்து மீட்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கழுத்து ஒரு வாத்தியத்திலிருந்தும் வயிற்றுப் பலகை இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் முழுசாக இருக்கும் மூன்றாவது ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுக்கொள்ளலாம். விபுலாநந்த அடிகளுக்கு அது வாய்க்கவில்லை. பழந்தமிழ் யாழ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மரம், தோல், நரம்பு மூன்றுமே மக்குகிற சாமான்கள். அவர் கையில் இருந்ததெல்லாம் சொற்கள்தான்: பத்தர், கோடு, திவவு, போர்வை, உந்தி. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளிலும் சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் சிதறிக் கிடந்தவை.

1947 ஜூனில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக யாழ் நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அன்றிலிருந்து அந்த நூலைப் பெரும்பாலும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம், படிப்பதில்லை. தமிழிசைப் பெருமை பேசும் மேடையில் அதன் பெயர் தவறாமல் வரும். உள்ளே இருக்கும் ஒரு கணக்குகூட வராது. அவர் அறிவியல் படித்து, அறிவியல் கற்பித்தவர். கணக்கை விட்டுவிட்டு நூலைப் புகழ்வது அவருக்குச் செய்கிற மரியாதையே இல்லைங்க.

கணக்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி பண் வரலாறு அல்ல, நரம்பு சேர்க்கும் வழி. உரைகள் வழியாக நமக்கு வந்திருக்கும் வரிசை இது: தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை. ஒவ்வொன்றும் முந்தையதற்கு ஐந்தாம் நரம்பு, அதாவது கிளை. இன்றைய பேச்சில் ச - ப உறவு. அதிர்வெண் விகிதம் 3/2. காது மட்டும் இருந்தால் போதும், ஆறே படியில் ஏழு நரம்பும் சேர்ந்துவிடும். கருவியே போய்விட்டது, அதை இயக்கும் நிரல் மட்டும் பிழையில்லாமல் நிற்கிறது. இதைவிடச் சுத்தமான ஒரு நிரலை வேலையிடத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

மிஞ்சிய இன்னொரு பாகம் அலகு அட்டவணை. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தில் 24 என்று வாதிட்டதற்கு எதிர்ப்பக்கம் இது. அடிகள் 22-இன் பக்கம் நின்றார்.

இப்போது இரண்டையும் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு அலகையும் அந்த நரம்பு வரைக்குமான ஏற்றமாக எண்ணினால், குரலிலிருந்து இளிக்கு 4+3+2+4 = 13. தாரத்திலிருந்து உழைக்கும் 13. மற்றவையும் அப்படியே, ஒன்றைத் தவிர. துத்தத்திலிருந்து விளரிக்கு 3+2+4+3 = 12 தான். மூட்டு ஒட்டவில்லை. இது தமிழுக்கு மட்டும் வந்த சங்கடமும் அல்ல. 81/80 என்கிற அந்தச் சின்ன இடைவெளி உலகம் பூராவும் இசைக் கணக்கர்களைப் படுத்தியெடுத்திருக்கிறது. வாசிக்கிறவர் நரம்பை ஒரு இழை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். மீட்டெடுக்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரண்டு பாகமும் ஒரே கருவியுடையவைதானா என்று அவர் கேட்டே ஆக வேண்டும். மூன்று நான்கு, இரண்டு மூன்று, இரண்டு இரண்டு என்ற இதே எண்கள் நாட்டிய சாத்திரத்திலும் வேறு வரிசையில் வருவதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

யாழ் நூலோடு எனக்குள்ள சண்டை இங்கேதான். சங்கப் பாட்டு, சிலம்பு, உரை என்று பல நூற்றாண்டுத் துண்டுகளை அது ஒரே பத்தர் மேல் ஏற்றுகிறது. கணக்கின் நேர்த்தியில் காலத்தின் தையல் மறைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் அவர் அதிகம் சாய்ந்த அடியார்க்குநல்லார் அப்படி மறைத்தவர் அல்ல. அவர் நம்ம கொங்குக்காரர்; குறும்பு நாட்டு நிரம்பை ஊர் என்பார்கள், இன்றைய பெருந்துறை வட்டாரம். பொப்பண்ண காங்கேயன் ஆதரவில் உரை எழுதியவர். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடத்துக்கு 14, செங்கோட்டிக்கு 7 என்று நரம்பு எண்ணிக்கை தரும் அதே மனிதர், பழைய இசைநூல்கள் இறந்துபோயின என்பதையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறார். அவரே ஒரு பழுது பார்ப்பவர்தான். எந்தப் பலகை எங்கிருந்து வந்தது, எது கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேலை செய்தவர். (பெருந்துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அறச்சலூர் இசைக் கல்வெட்டும் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் த, தை, தா என்ற அசைகள், செய்தவன் பெயர் தேவன் சாத்தன். எந்தச் சுருதியில், எந்த வேகத்தில் என்பது கல்லில் இல்லை.)

இன்று இளைஞர்கள் மறுபடியும் யாழ் செய்கிறார்கள். சென்னையில் தருண் சேகரின் 'உரு' பட்டறையில் செய்த யாழைக் காணொளியில் கேட்டிருப்பீர்கள். அதை மூவாயிரம் வருஷத்துக் குரல் என்று பகிர்கிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம், செய்தவர்மேல் இல்லை. அது இந்தக் காலத்துக் கருவி, நன்றாகவே ஒலிக்கிறது. பர்மாவின் சௌங், மத்திய இந்தியப் பர்தான்களின் பீன்-பாஜா போன்ற உயிரோடிருக்கும் வில்யாழ் உறவுகளோடு அதை உட்காரவைத்து ஒப்பிடலாம். யாழ் நூலுக்கும் ஒரு புதிய பதிப்பு வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் அது எந்த நூல், எந்த நூற்றாண்டு, பாட்டா உரையா அடிகளின் ஊகமா என்று குறித்த பதிப்பு. அந்தப் 12-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியும்.