“உங்களுக்காக மட்டும்” வரும் விற்பனை மின்னஞ்சல்

விற்பனை மின்னஞ்சலைப் போய் யாராவது விமர்சனம் பண்ணுவாங்களா என்று கேட்கலாம். ஆனால் ஐடி வேலையில் இருக்கும் ஒருவர் ஒரு வாரத்தில் படிக்கிற (பாதி படித்து அழிக்கிற) உரைநடையில் இதன் பங்கு சிறுகதையைவிட நிச்சயம் அதிகம். அதற்கென்று ஓர் இலக்கணமும் இருக்கிறது. அதனால் இதையும் ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சின்ன அறிமுகம். வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்களைத் தேடிப் பிடித்துத் தருவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. அப்போலோ மாதிரியான கருவியில் பதவி, ஊர், நிறுவனத்தின் அளவு என்று வடிகட்டினால் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வந்துவிடும். அங்கிருந்தே அனுப்பவும் செய்யலாம். இதில் இரண்டு வழி. ஒன்று தொடர்: முதல் நாள் ஒரு மெயில், பதில் வராவிட்டால் சில நாள் கழித்து இன்னொன்று, இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். மற்றது தனிக் கடிதம்: ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அவருக்கென்று எழுதி ஒரே ஒருமுறை அனுப்புவது. விற்பனைக்காரர்கள் நடுவில் இரண்டாவதற்குத்தான் மரியாதை. நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

அந்தத் தனிக் கடிதத்தை எழுதும் ஜன்னலைப் பாருங்கள். ஒருவருக்கு எழுதுவதற்கான இடம்தான். ஆனால் சுற்றிலும் இருப்பவை என்ன? டெம்ப்ளேட் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன். பெயரையும் நிறுவனத்தையும் தானாக நிரப்பிக்கொள்ளும் இரட்டை அடைப்புக்குறிகள். திறந்தாரா என்று வேவு பார்க்கும் வசதி. இப்போது கூடுதலாக, ஏஐ எழுதித் தரட்டுமா என்று ஒரு பட்டன். அஞ்சலட்டை எழுத உட்கார்ந்தவன் பக்கத்தில் அச்சு இயந்திரத்தை ஓடவிட்ட மாதிரி. அவசரத்தில் இருப்பவன் கை எதை நோக்கிப் போகும்?

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு இந்த அடைப்புக்குறி விவகாரம் நன்றாகவே பழக்கம். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் வரும். தரவுத்தளம் முதல் துண்டை முதல் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். “ஹாய் எஸ்” என்று கடிதம் தொடங்கும். பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை முழுதாக விரித்து முன்னால் போட்டிருந்தால் இன்னும் விசேஷம், கடிதம் அப்பாவுக்கே வந்துவிடும். அடுத்த வரியில் “உங்கள் பயணத்தை ஆர்வத்துடன் கவனித்து வருகிறேன்” என்றிருக்கும். யாருடைய பயணத்தை?

டெம்ப்ளேட் என்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. “நலம், நலமறிய ஆவல்” என்பதைவிடப் பெரிய டெம்ப்ளேட் உண்டா? கல்யாணப் பத்திரிகை ஆயிரம் பேருக்கு ஒரே அச்சு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் மட்டும் பெயரைக் கையால் எழுதிக் கொடுக்கிறோம். யாருக்கும் கோபம் வருவதில்லை. எது அச்சு, எது கை என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். எனக்கு உறுத்தல் வருவது, அச்சு தன்னைக் கையெழுத்து என்று சொல்லிக்கொள்ளும்போதுதான்.

ஸ்பாம் வரலாற்றின் முதல் கடிதமே இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்தது. 1978 மே மாதம் டிஇசி நிறுவனத்தின் கேரி துர்க், அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குத் தங்கள் புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டம் பற்றி அனுப்பினார். முகவரிகள் அதற்கான இடத்தில் அடங்காமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. திட்டு வாங்கினார். ஆனால் அது விளம்பரம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. யார் யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்பதைக் கடிதமே காட்டிக்கொடுத்தது.

இன்றைய வகைமையின் முழு உழைப்பும் அதை மறைப்பதில்தான். நீங்கள் எழுதாத கடிதத்துக்குப் பதில் போலத் தலைப்பில் “ரீ:” சேர்ப்பது ஒரு உத்தி. அமெரிக்காவின் 2003-ஆம் வருட கேன்-ஸ்பேம் சட்டம் ஏமாற்றும் தலைப்பைத் தடை செய்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் எழுதுவதற்கும் அது பொருந்தும். ஆனாலும் வருகிறது. இன்னொரு ஏற்பாடு எனக்கு வேடிக்கையாகவே இருக்கும். புது டொமைன் வாங்கி, அதில் அஞ்சல் பெட்டிகள் திறந்து, அவற்றை “சூடேற்றுவார்கள்”. அதாவது, பெட்டிகள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பி, பதில் போட்டு, ஸ்பாமில் விழுந்ததை எடுத்து வெளியே வைத்து, நல்ல பெயர் சம்பாதிக்கும். இயந்திரங்கள் தங்களுக்குள் நலம் விசாரித்துக்கொள்கின்றன. மனிதனுக்கு எழுதுவதற்கு முன்னான ஒத்திகை இது.

“திறந்தார்” என்ற கணக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. கடிதத்தில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத படம் தரவிறங்கினால் திறந்ததாக அர்த்தம். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் இந்தப் படங்களைப் பயனர் பார்க்காமலேயே முன்கூட்டி இறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆக விற்பனைக்காரர் திரையில் தெரியும் “திறந்தார்” ஒரு சர்வர் செய்த வேலையாகவும் இருக்கலாம். அதை நம்பி, “பார்த்தீர்கள் போலிருக்கிறதே” என்று மறுபடி எழுதுபவரை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

நல்ல தனிக் கடிதம் வருவதே இல்லையா? வருகிறது. போன வருடம் ஒருவர் நான்கு வரி எழுதியிருந்தார். எங்கள் ஏபிஐ ஆவணத்தில் ஒரு எடுத்துக்காட்டு பழைய பதிப்பில் நின்றுவிட்டது, அப்படியே ஓட்டினால் பிழை வருகிறது, இந்த மாதிரி பிழையைப் பிடிக்கும் கருவியைத்தான் விற்கிறோம் என்று. பாராட்டு எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்தோம், உண்மைதான். கருவியை வாங்கவில்லை, பதில் எழுதினேன். பெயரை மாற்றி இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பினால் அந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இருக்காது. நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். லிங்க்ட்இன் பதிவைப் பார்த்து “அருமை” என்பது அதில் தேறாது.

இதில் எனக்கு என்ன நஷ்டம்? அழித்துவிட்டுப் போகலாமே என்பார்கள். நஷ்டம் உண்டு. வேலை நேரம் போக நான் பழைய புத்தகங்கள், ஆவணங்கள் பின்னால் அலைகிறவன். பல்கலைக்கழக அடையாள அட்டை கிடையாது. முன்பின் தெரியாத பேராசிரியருக்கோ நூலகருக்கோ எழுதித்தான் எதையும் தெரிந்துகொள்ள முடியும். “உங்கள் கட்டுரையைப் படித்தேன், ஒரு சிறிய கேள்வி” என்பது என்னைப் போன்றவர்களின் ஒரே நுழைவாயில். அந்த வாக்கியத்தைத்தான் இந்தக் கருவிகள் தினமும் எத்தனையோ பேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்ததும் அழிக்கும் பேராசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் அழிக்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே பக்க எண், அடிக்குறிப்பு எண் என்று தொடங்கிவிடுகிறேன். முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. சமீபத்தில் ஒரு நூலகருக்கு அப்படிப் பட்டியல் எண்ணோடு எழுதியதற்கு மறுநாளே பதில் வந்தது: அந்தத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம், பொங்கல் கழித்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.