சுவரைப் படிக்கும் கேமரா: லின்னேயஸ் ட்ரைப்பும் இப்னுல் ஹைஸமும்

வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டி வாழும் நமக்குக் கட்டடமும் படமும் தலைகீழான உறவிலேயே பழக்கமாகியுள்ளன. ஏவி.எம்., வாகினி முதலிய படப்பிடிப்புத் தளங்களில் மாளிகைகளும் கோபுரங்களும் படத்திற்காகவே எழுப்பப்பட்டன. வேலை முடிந்ததும் பிரிக்கப்பட்டன. கேமரா நோக்கும் பக்கத்தில் மட்டும் சுவர் இருந்தால் போதும். இருக்கும் கட்டடத்திற்காகக் கேமராவைத் தூக்கிச் செல்வது இதற்கு நேர் எதிரான தொழில். தமிழகத்தில் அதனை முறையாகச் செய்த முன்னோடிகளுள் தலையாயவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் (1822–1902).

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அதிகாரியான இவர், 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவுடன் சென்று படமெடுத்தார். 1856இல் சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக நியமனம் பெற்றார். மெழுகூட்டிய காகிதத்தை நெகட்டிவாகக் கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் பதிவு செய்தார். அவை 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன.

2014இல் வாஷிங்டனிலும் 2015இல் இலண்டனிலும் நடந்த கண்காட்சிகளுக்குப் பின்னர் ட்ரைப்பைப் புகழ்வது எளிதாகிவிட்டது. புகழ்வோர் பெரும்பாலும் சுட்டுவது அவருடைய அகன்ற காட்சிகளையே: தெப்பக்குளம், கோபுரம், ஆளற்ற மண்டபம். அவற்றின் அழகை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு செய்தியை இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது. அக்காலத்து இரசாயனக் கலவை நீல ஒளிக்கே மிகுதியாக வசப்பட்டது. ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவும் மரஞ்செடிகள் கருந்திட்டாகவும் விழுந்தன. ட்ரைப் நெகட்டிவின் மீது தூரிகையால் வண்ணம் பூசி மேகங்களை வரைந்தார், இலைகளையும் திருத்தினார். நாம் வியக்கும் வானம் கேமரா கண்ட வானமன்று. இதனை மோசடி என்று சொல்லமாட்டோம். ஓவியத்தில் பழகிய கண்ணுக்குத் தரப்பட்ட சலுகை அது என்பதே நம் கருத்து.

இவ்விடத்தில் இப்னுல் ஹைஸம் (965 – சுமார் 1040) நமக்குத் துணை வருகிறார். இருட்டறையின் துளை வழியே ஒளி விழும் விதத்தைச் சோதித்தறிந்தவர் என்ற அளவில் அவரைப் புகைப்படக் கலையின் மூதாதையாக்கி மகிழ்வது நம்மவரிடையே வழக்கம். அந்தப் பெருமை போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. அவரது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அதனினும் பயனுள்ள பகுதி வேறு. காண்பதை அவர் இருவகையாகப் பிரிக்கிறார். ஒன்று, பார்த்த மாத்திரத்தில் கிட்டும் காட்சி (பதீஹா). மற்றொன்று, ஆழ்ந்து நோக்கிப் பெறும் காட்சி (தஅம்முல்). பின்னது எப்படி நிகழ்கிறது? கண் அசைந்து, பொருளின் ஒவ்வொரு பகுதியையும் தன் பார்வை அச்சுக்கு நேராகக் கொண்டுவருகிறது. ஓரத்தில் மங்கலாக இருந்தது நடுவுக்கு வந்து தெளிவடைகிறது. இவ்வாறு பகுதி பகுதியாக நோக்கிய பின்னரே பொருளின் உண்மை வடிவம் உறுதியாகிறது.

இக்கூற்றைப் படித்துவிட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைப் 1858இல் செய்ததைப் பாருங்கள். விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்த கல்வெட்டுகளை எடுக்க அவர் தொலைவில் நின்று ஒரே படத்துடன் திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கேமராவைச் சுவரோரமாகப் படிப்படியாக நகர்த்தினார். பிரதிகளாகிய 21 துண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக்கினார். இதில் மேகம் இல்லை; கண்ணைக் கவரும் கோணமும் இல்லை. கல்லும் எழுத்தும் மட்டுமே உள்ளன. அவருடைய படைப்புகளுள் நாம் முதலிடம் தருவது இதற்குத்தான். பெரும் காட்சிகளை விரும்புவோர் இதனை அலுப்பூட்டும் ஆவணமென்று தள்ளக்கூடும்.

கல்வெட்டாய்வுக்கு அது எந்த அளவு பயன்பட்டது என்பது நியாயமான கேள்வியே. ஹூல்ஷ் 1891 முதல் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். அத்துறையின் கருவியாக நிலைத்தது மைப்படியே, புகைப்படமன்று. எழுத்தைத் தருவதில் மைப்படி வென்றது. ஆனால் மைப்படி எழுத்தைச் சுவரினின்று பெயர்த்தெடுத்து விடுகிறது. எந்த வளைவுக்குக் கீழே, எந்தத் தூணை ஒட்டி அந்த வரி ஓடுகிறது என்பதை ட்ரைப்பின் பட்டையே காட்டுகிறது. கட்டடப் புகைப்படம் என்ற துறைக்கே உரிய பயன் அது.

இப்பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், செலவு மிகுந்த ஆடம்பரமென்று கருதி இதனை நிறுத்தினார். 1860க்குப் பின் ட்ரைப்பும் பெரும்பாலும் கேமராவைக் கைவிட்டார். ஆயினும் தொழில் அறுந்துவிடவில்லை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் நிறுவிய சென்னைக் கலைப் பள்ளியில் புகைப்படமும் பாடமாயிற்று. ட்ரைப்பிடம் பயின்ற அய்யாசாமி அங்கே அதனைக் கற்பித்தார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அப்பள்ளியின் தொடர்ச்சியே. ஓர் அதிகாரியின் பதவியோடு முடிந்திருக்க வேண்டிய கைத்திறனைக் காத்தது வகுப்பறைதான். ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இதில் சற்றே பெருமிதம் உண்டு.

இன்று கேமரா பயிலும் இளைஞர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு வருகிறார்கள். விரிந்த முற்றத்தையும் மினாராக்களையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1795இல் எழுந்த அப்பள்ளிக்குள் பாரசீக மொழியில் ஒரு காலக்குறிப்புச் செய்யுள் கல்லில் உள்ளது. எழுத்துகளின் அப்ஜத் மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி ஆண்டு கிடைக்கும். அதனை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்து அறிஞர். முற்றத்தில் நின்று எடுக்கும் படத்தில் அந்தக் கல் வாராது. முக்காலியை உள்ளே கொண்டுசென்று, கல்லுக்கு நேராக நிறுத்தி, வரி வரியாக எடுக்கவேண்டும்.