ரோக் ஏன் வரிசையில் நின்றாள்?

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்றைக்குப் பல ஊர்களில் குழந்தைகளின் முதுகில் சிவப்புத் துணியைக் கட்டி, ‘ஆட்டிசம் என் சூப்பர் பவர்’ என்று அச்சடித்த டி-ஷர்ட் மாட்டிப் படம் எடுக்கிறார்கள். நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள வாசகர்களும் விமர்சகர்களும் சூப்பர் ஹீரோக் கதைகளில் கண்டு சொல்வது பெரும்பாலும் வேறு. பறக்கத் தெரிந்த ஒருவன் அதை மறைத்துக்கொண்டு அலுவலகத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறானே, அந்த அவஸ்தை தங்களுடையது என்கிறார்கள். டி-ஷர்ட் சொல்வதும் இவர்கள் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது என்னை உறுத்துகிறது. பின்னதில் பெரிய உண்மை இருக்கிறது, சில ஓட்டைகளும் இருக்கின்றன.

உண்மையில் தொடங்கலாம். ஜாக் ஸ்னைடரின் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) படத்தில், பின்னாளில் சூப்பர்மேனாகும் சிறுவன் கிளார்க்கின் வகுப்பறைக் காட்சி. டீச்சர் கேள்வி கேட்கிறார். பையனுக்கு அவர் முகம் தெரியவில்லை; தோலுக்கு உள்ளே எலும்பும் உறுப்புகளும் தெரிகின்றன. வகுப்பின் சின்னச் சின்ன ஓசையெல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் இடிக்கிறது. எழுந்து ஓடித் துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறைக்குள் புகுந்து பூட்டிக்கொள்கிறான். டீச்சர் கதவைத் திறக்கப் பார்க்கிறார். பையன் பார்வையாலேயே கைப்பிடியைப் பழுக்கக் காய்ச்சிவிடுகிறான். வெளியே சக மாணவர்கள் கூடி நின்று முணுமுணுக்கிறார்கள். அம்மா வருகிறாள். ‘வெளியே வா’ என்று அதட்டவில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கூசவில்லை. உலகம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது என்று அவன் சொன்னதும், அப்படியானால் அதைச் சின்னதாக்கிக்கொள் என்கிறாள். தன் குரலை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள்.

கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரத்துக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டதும் அதே 2013இல்தான். ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது அதில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற்றது. படத்துக்கும் கையேட்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கையேடு ஒரு வரியில் சொன்னதைப் படம் சில நிமிடங்களில் நம் காதுக்குள் இறக்கிவிடுகிறது.

ஓட்டையும் அதே படத்திலேயே இருக்கிறது. பின்னால் வரும் சண்டையில் வில்லன் ஜாடின் தலைக்கவசம் உடைகிறது. அதே புலன் வெள்ளம் அவனையும் நிலைகுலைய வைக்கிறது. கிளார்க் கலங்காமல் நிற்கிறான். புலன்களை அடக்கத் தன் பெற்றோர் கற்றுக்கொடுத்ததாக வேறு சொல்கிறான். அதாவது, பயிற்சியும் மன உறுதியும் இருந்தால் போதும், சின்ன வயதுத் தொல்லை பெரியவனானதும் ஆயுதமாகிவிடும்! நாற்பது வயதிலும் டியூப்லைட்டின் ரீங்காரம் தாங்காமல் வேலையை விடுகிறவர்களுக்கு இது ஆறுதலா, குற்றச்சாட்டா? முயற்சி போதவில்லை என்று ஏற்கெனவே வாழ்நாளெல்லாம் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள்.

என்னைக் கேட்டால், இந்த ஒப்பீட்டில் மிகவும் உறுதியான இடம் இரட்டை வாழ்க்கைதான். 1978இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் கிறிஸ்டோஃபர் ரீவ் செய்யும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். லோயிஸ் லேனின் வீட்டில் கிளார்க்காக நிற்கிறார். அவள் அடுத்த அறைக்குள் போகிறாள். ரீவ் கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. உண்மையைச் சொல்லிவிடத்தான் போகிறார். சட்டென்று மனம் மாறுகிறது. கண்ணாடி மூக்குக்கு ஏறுகிறது, முதுகு மறுபடி வளைகிறது, குரல் கீச்சிடுகிறது. ‘வெட்டு’ இல்லாமல், ஒரே உடம்பில் இரண்டு மனிதர்கள்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தினமும் செய்வது இதைத்தான். பேசும்போது எத்தனை நொடி கண்ணைப் பார்ப்பது, எப்போது சிரிப்பது, கையை ஆட்டாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்த்து நடிப்பது. ஆய்வாளர்கள் இதை ‘மாஸ்கிங்’ என்கிறார்கள். அது ஆளை உறிஞ்சிவிடுகிறது, மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்று கடந்த பத்தாண்டு ஆய்வுகள் பல சொல்லியிருக்கின்றன. ரீவின் முதுகு வளையும் அந்தக் கணம் இதற்கு நல்ல படம். ஆனால் கிளார்க் கண்ணாடியைக் கழற்றினால் ஊரே அண்ணாந்து பார்த்துக் கைதட்டும். ஆட்டிசம் உள்ளவர் முகமூடியைக் கழற்றினால் நேர்முகத் தேர்வில் தோற்பார்.

சித்திரக்கதை என்ற வடிவத்தையும் விட்டுவிடக் கூடாது. பேச்சுக்கு ஒரு குமிழ், மனதுக்குள் நினைப்பதற்கு மேகம் போல ஒரு குமிழ். முகத்தில் கோபமென்றால் கோபம். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகித்தே களைத்துப்போகிறவருக்கு, நினைப்பை எழுதியே காட்டும் உலகம் எவ்வளவு நிம்மதி! சினிமா இந்த வசதியைப் பறித்துவிட்டது.

‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ (2014) படத்தின் டிராக்ஸ், ஆட்டிசம் உள்ள ரசிகர்கள் பலர் தங்களவன் என்று கொண்டாடிய பாத்திரம். உவமையைச் சொன்னால் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வான், அரங்கு சிரிக்கும். ஆனால் அவன் இனத்தார் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று சக பாத்திரமான ராக்கெட் சொல்லும் ஒரு வரி உண்டு. தன் ஊரில் டிராக்ஸுக்கு எந்தக் குறையும் இருந்திருக்காது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த ‘இருபக்கப் புரிதல் சிக்கல்’ சொல்வதும் ஏறத்தாழ இதுதான்: அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரியவில்லை, பழியை மட்டும் ஒரு பக்கத்தில் போட்டுவிடுகிறோம். பின்னால் வந்த படங்களில் டிராக்ஸ் வெறும் கோமாளியாகச் சுருங்கிப்போனது வேறு கதை.

எக்ஸ்-மென் கதைகளுக்கு வந்தால்தான் விவாதம் சூடு பிடிக்கிறது. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய இந்தக் கதைகளில் பிறவியிலேயே வேறாக இருப்பவர்கள் நாயகர்கள். 2006இல் வந்த மூன்றாவது படத்தில் அந்தப் பிறவி வேறுபாட்டைப் போக்க ஒரு ‘மருந்து’ கண்டுபிடிக்கப்படுகிறது. குணமாக்க இதில் என்ன இருக்கிறது, நம்மிடம் எந்தக் கோளாறும் இல்லையே என்று வெடிக்கிறாள் ஸ்டார்ம். ஆட்டிச உரிமை இயக்கத்தின் குரல் அப்படியே இது. தங்கள் பிள்ளைக்காக அழ வேண்டாம் என்று ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோர்களிடம் சொன்னதிலிருந்து வளர்ந்த குரல்.

ஆனால் ஸ்டார்ம் யார்? மழையையும் மின்னலையும் ஏவுகிறவள், பேச்சாற்றல் உள்ளவள், பள்ளியை நடத்துகிறவள். அதே படத்தில் வரும் ரோக்கின் நிலை வேறு. அவள் யாரைத் தொட்டாலும் அவர்களின் உயிர்ச்சக்தி வடிந்துவிடும். காதலன் கையைக்கூட உறை போட்டுத்தான் பிடிக்க முடியும். அவள் மருந்துக்காக வரிசையில் போய் நிற்கிறாள். ‘நம்மிடம் எந்தக் கோளாறும் இல்லை’ என்று ஸ்டார்ம் சொல்வது ஸ்டார்முக்குச் சரி. ரோக்கிற்கும் சேர்த்து அவள் எப்படிச் சொல்ல முடியும்? பேசவும் எழுதவும் வல்ல ஆட்டிசக்காரர்களுக்கும், இரவு முழுக்கத் தலையைச் சுவரில் மோதும் பிள்ளையைக் காக்கும் பெற்றோர்களுக்கும் இடையே இன்று நடக்கும் கசப்பான சண்டை இதே சண்டைதான். இரு தரப்பையும் முட்டாளாக்காமல் ஒரு வணிகப் படம் அதைத் திரையில் வைத்தது பெரிய காரியம். ரோக் மருந்தை மறுப்பதாக ஒரு மாற்று முடிவையும் படமாக்கியிருந்தார்கள். திரையரங்குக்கு வந்த படத்தில் அவள் போட்டுக்கொள்கிறாள். அதுதான் நேர்மையான முடிவு என்பது என் கருத்து.

இப்போது டி-ஷர்ட்டுக்கு வருவோம். ஆட்டிசம் உள்ள சூழலியல் போராளி கிரெட்டா துன்பர்க் 2019இல் வேறாக இருப்பதே சூப்பர் பவர் என்று எழுதியபோது, சூழல் சரியாக அமைந்தால் என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதினார். டி-ஷர்ட்டில் நிபந்தனைக்கு இடமில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் 26.7 விழுக்காட்டினருக்கு இருப்பது தீவிர ஆட்டிசம்: பேச்சு இல்லை அல்லது மிகக் குறைவு, அல்லது அறிவுத்திறன் மிகவும் குறைவு. இவர்களுக்கு எந்த ‘பவர்’? 2017இன் ‘பவர் ரேஞ்சர்ஸ்’ படத்தில் நீல ரேஞ்சர் பில்லி, தனக்கு ஆட்டிசம் என்று நண்பனிடம் சாதாரணமாகச் சொல்வது அழகு. ஆனால் அவனும் எந்திரங்களில் புலி. தமிழில் ‘ஹரிதாஸ்’ (2013) சிறுவனும் ஓட்டப் பந்தயத்தில் சாதித்தாக வேண்டியிருந்தது. எக்ஸ்-மென் முதல் இதுவரை விதி ஒன்றே: வேறாக இருக்கலாம், ஆனால் உலகத்தைக் காப்பாற்று, அப்புறம்தான் உனக்கு இடம்.

இதற்கு மாற்று ஓர் ஆட்டிச இளைஞரிடமிருந்தே வந்தது. ரான் சஸ்கைண்ட் தன் மகன் ஓவனைப் பற்றி எழுதிய ‘லைஃப், அனிமேட்டட்’ நூல் 2014இல் வந்தது, 2016இல் ஆவணப்படமுமானது. மூன்று வயதுவாக்கில் பேச்சை இழந்த ஓவன், டிஸ்னி படங்களின் வழியாகப் பேச்சுக்குத் திரும்பியவர். அந்தப் படங்களில் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது நாயகர்களை அல்ல. நாயகனோடு கூடவே வரும் துணைப் பாத்திரங்களை. அவர்களைப் பக்கம் பக்கமாக வரைந்தார். எந்தத் துணைவனையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட சட்டம். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சூப்பர் ஹீரோக் கதை எழுதுகிறவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து அந்தச் சட்டத்தின்படி ஒரு கதையை முழுதாக எழுதவில்லை. எழுதுகிறவர்கள் எழுதட்டும். அதுவரை டி-ஷர்ட் அச்சடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.