பக்தாதின் சமையல் நூல்கள்: பெயர்களும் மொழிபெயர்ப்பும்

அப்பாஸியர் காலத்து அறிவுச் செல்வத்தைப் பற்றிப் பேசுவோர் கவிதை, தத்துவம், மருத்துவம், வானியல் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். சமையல் நூல்கள் ஆய்வாளர் கண்ணில் படுவது அரிது. ஆனால், அடுக்களை அறிவை ஏட்டிலேற்றுவது கற்றோர்க்குத் தகாத செயலென்று அக்காலத்தார் எண்ணியதில்லை. இன்று நமக்குக் கிடைத்துள்ள அரபுச் சமையல் நூல்களுள் மிகப் பழையது, பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்ததாகும். ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதி எழுதியது மற்றொன்று. இரண்டும் 'கிதாபுத் தபீக்' என்றே வழங்கப்படுகின்றன. பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு.

வர்ராக்கின் நூல் 132 இயல்களைக் கொண்டது. செய்முறைகளுக்கு நடுவே கவிதைகள் வருகின்றன. எவ்வுடற்கூற்றுக்கு எவ்வுணவு ஏற்றது என்னும் மருத்துவக் குறிப்புகள் வருகின்றன. சுவையறிந்த இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தியின் உணவு வகைகளும் வருகின்றன. இதனைச் சமையல் நூல் என்பதினும் 'அதப்' இலக்கியத் தொகை என்பதே பொருந்தும். பக்தாதியோ சொற்செட்டு மிக்கவர். மனித இன்பங்களை உணவு, பானம், உடை, தாம்பத்தியம், நறுமணம், இசை என ஆறாகப் பகுத்து, அவற்றுள் உணவே தலையாயதென்று முன்னுரையில் நிறுவுகிறார். பின்னர் ஏறத்தாழ 160 செய்முறைகளை அலங்காரமின்றி அடுக்குகிறார். பானையின் விளிம்பைத் தூய துணியால் துடைத்து, மெல்லிய தணலில் சற்றுநேரம் அடங்க விடுமாறு அவர் மீண்டும் மீண்டும் கூறுவது, அந்நடைக்கே ஓர் ஓசை ஒழுங்கைத் தருகிறது.

பக்தாதியின் நூலை ஆங்கில உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் ஆர்பெரி. அவருடைய மொழிபெயர்ப்பு 1939இல் ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' காலாண்டிதழில் வெளிவந்தது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது. எனினும் அவர் சார்ந்திருந்தது 1934இல் மோசூலில் அச்சான பதிப்பையே. இஸ்தான்பூலில் உள்ள கையெழுத்துப் படியை நேரில் ஆராய்ந்து சார்லஸ் பெரி 2005இல் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்டார். வர்ராக்கின் நூலை 2007இல் நவால் நஸ்ரல்லாஹ் விரிவான சொல்லடைவோடு மொழிபெயர்த்தார். அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் 'கலீபாக்களின் அடுக்களை வரலாறு' எனப் பொருள்படும் தலைப்பை அவர் இட்டது, உடல்நலம் நாடிய நூலை அரண்மனை ஆடம்பரமாகக் காட்டிவிடுகிறது என்பது நம் கருத்து.

உணவுப் பெயரை மொழிபெயர்ப்பதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு 'முர்ரீ' ஒன்றே போதும். இதனை உரோமரின் மீன் குழம்புக்கு இணையானதென்று அறிஞர் சிலர் கருதிவந்தனர். பார்லி மாவைப் பூசணம் பிடிக்கவைத்து, உப்பும் நீரும் சேர்த்து நொதிக்கச் செய்து பெறுவதே அது என்பதைப் பெரி செய்தே காட்டினார். அதன் சுவை சோயாக் குழம்பை ஒத்திருந்தது. 'மீன் குழம்பு' என்று எழுதிவிட்டால் ஒரு தொழில்நுட்பமே மறைந்துபோகும்.

இன்னும் ஆழமான செய்தி பெயர்களின் பிறப்பிலே உள்ளது. 'ஸிக்பாஜ்' என்னும் புளிக்காடி இறைச்சிக் குழம்பு பாரசீகப் பெயர் தாங்கியது. அதுவே ஸ்பெயினில் 'எஸ்கபேச்சே' ஆயிற்று. 'பாலூதஜ்', 'லவ்ஸீனஜ்' என்னும் இனிப்புகளும் பாரசீக வழி வந்தவையே. கலீபா மஃமூனின் துணைவி பூரானின் பெயரால் 'பூரானிய்யா' என்னும் கத்தரிக்காய் உணவு அமைந்தது. அப்பெயர் ஈரானில் 'போரானி' என்றும், ஸ்பெயினில் 'அல்போரோனியா' என்றும் இன்றும் வாழ்கிறது. ஈரானிலோ கத்தரிக்காய் இல்லாமலும் அது ஆக்கப்படுகிறது. 'நாரன்ஜிய்யா'வில் உள்ள 'நாரன்ஜ்', நம் நாரத்தையோடு உறவுடைய திராவிட வேரிலிருந்து சென்றது என அறிஞர் பலர் கருதுவர்.

ஆக, அரபு மொழியின் தலைநகராகத் திகழ்ந்த பக்தாத், தன் உணவு மேசையில் அயற்சொற்களை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டது. தூய அரபுப் பண்பாடு என ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, வட்டாரப் பழக்கங்களைக் குறைவாக மதிப்போர் இந்நூல்களை ஒருமுறையேனும் படிக்க வேண்டும். நாகரிகத்தின் வலிமை ஏற்பதிலும் இருக்கிறது. ஏற்றதைத் தனதாக்கிப் பிறர்க்கு வழங்குவதிலும் இருக்கிறது.

அவ்வழங்கலில் நமக்கும் பங்குண்டு. பக்தாதி குறித்த 'ஸன்பூஸக்'கின் வழித்தோன்றலே நாம் நோன்பு திறக்கையில் உண்ணும் சம்சா. இடித்தல் என்னும் பொருளுடைய அரபு வேரில் பிறந்த 'ஹரீஸா', மலபார் மாப்பிள்ளைமாரிடம் 'அலீஸா'வாக வாழ்கிறது. நம் கடற்கரையூர்ப் பெண்மக்கள் நாவில் வழங்கும் உணவுப் பெயர்களோ பெரும்பாலும் ஏடேறவில்லை. அவற்றைத் தொகுக்க முன்வருவோர், பொதுத்தமிழ்ச் சொல்லால் 'திருத்தாமல்', வழங்கும் ஒலிப்பிலேயே, வழங்கும் ஊரின் பெயரோடு, செய்முறையையும் சேர்த்தெழுத வேண்டும். முர்ரீயை மீட்டுத் தந்தது பெயர் மட்டுமன்று. பெயரோடு எழுதப்பட்டிருந்த செய்முறையே.