தசைக் களைப்பும் மதுச் சாடியும்

“லாக்டிக் அமிலம் சேர்வதால் தசை களைக்கிறது” என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இவ்விளக்கம் சரிதானா? மது உண்டாவதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஜார்ஜியா நாட்டில் கிடைத்த, கி.மு. 6000 அளவிலான மண்சாடிகளில் திராட்சை மதுவின் சுவடுகள் இருந்ததாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். சாடியில் ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைத்து ஆல்கஹாலாக்குகிறது. ஆல்கஹால் வெளியேற வழியின்றி மிகும்போது ஈஸ்டே மடிகிறது. தசையும் பெரும்பாலும் இதே படிகளில்தான் சர்க்கரையைச் சிதைக்கிறது. முடிவில் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. ஆகவே அதுவும் தசைக்கு நஞ்சு என்றே எண்ணத் தோன்றும்.

1907இல் கேம்பிரிட்ஜில் பிளெச்சரும் ஹாப்கின்ஸும் களைத்த தவளைத் தசையில் இவ்வமிலம் மிகுவதைக் காட்டினர். ஆனால் அது உடலிலிருந்து பிரித்தெடுத்த தசை. மதுச் சாடியைப் போன்றது. உயிருள்ள உடலிலோ இரத்தம் அதைக் கொண்டு செல்கிறது; இதயம் எரிபொருளாகக் கொள்கிறது; கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்குகிறது.

மற்றொரு சான்றையும் கவனியுங்கள். 1951இல் மக்ஆர்டில் என்ற மருத்துவர் விவரித்த நோயில், உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலம் மிகுவதில்லை. ஆயினும் அந்நோயாளிகள் மற்றவர்களைவிட விரைவில் களைக்கின்றனர்!

கடும் உழைப்பின்போது தசையில் பாஸ்பேட் மிகுவதும், சுருங்கத் தூண்டும் கால்சியம் குறைவாக வெளிப்படுவதும் முக்கியக் காரணங்கள் என இன்று கருதப்படுகின்றன. களைப்போடு சேர்ந்து காணப்படுவதெல்லாம் களைப்பின் காரணமாகிவிடாது. மாணவர்களுக்கு இதைச் சொல்லாத அந்த ஒற்றை வரி திருத்தப்பட வேண்டும்.